வாதம் திரும்பி வரும் வழி

1984 ஒக்டோபரில் தமிழ்நாடு முழுக்க ஒரே பேச்சுத்தான். கண்டிச் சீமையில் 1917-இல் பிறந்து, சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து, தாயோடு கடல் கடந்து போய், பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சரான எம்.ஜி.ஆர். சென்னை அப்பலோ மருத்துவமனையில் படுத்திருந்தார். நீரிழிவு முற்றிச் சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. அடுத்து இலேசான மாரடைப்பு. அதற்கும் அடுத்து கடுமையான பக்கவாதம். நவம்பரில் அவரை நியூயோர்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பரில் அங்கே மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். 1985 பெப்ரவரியில் நாடு திரும்பி மீண்டும் முதல்வரானார். ஆனால் பேச்சு பழையபடி திரும்பவில்லை. 1987 டிசம்பர் 24-இல் உயிரை எடுத்தது இதயம்.

உடற்பயிற்சிக்குப் பெயர் போன மனிதர் அவர். கட்டான உடம்பு. அப்படிப்பட்டவருக்கே சில வாரங்களுக்குள் சிறுநீரகம், இதயம், மூளை என்று மூன்று இடங்களில் அடி விழுந்தது. ஆஸ்பத்திரியில் இந்த மூன்றுக்கும் மூன்று வோர்ட்டு, மூன்று வைத்தியர். உடம்புக்குள்ளே மூன்றுக்கும் போவது ஒரே குருதிக் குழாய்த் தொகுதி. பக்கவாதத்தை மூளை நோய் என்று மட்டும் எண்ணுகிற வீட்டில் இந்த உண்மை எட்டாமலே போய்விடுகிறது. இரண்டாவது வாதம் வருவதற்கான பெரிய வாசல் அங்கேதான் திறக்கிறது.

கண்டியிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஒருவருக்கு வாதம் அடித்தால் குடும்பம் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ கொண்டு ஓடுவார்கள். சில நாளில் வீட்டுக்கு விடுவார்கள். பிறகு எல்லார் கண்ணும் இழுத்துக்கொண்ட கையிலும் காலிலும்தான். திகன புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு அனுப்பினால் போவார்கள், பயிற்சி செய்வார்கள், எண்ணெய் வாங்கித் தேய்ப்பார்கள், நேர்த்தி வைப்பார்கள். கை கொஞ்சம் தூக்க வந்தால் வீடே மகிழும். அந்த உழைப்பு வீண் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். நடை திரும்புவது மனிதருக்கு மானம் திரும்புவது போன்றது. ஆனால் அந்தக் கையையும் காலையும் வீழ்த்திய காரணம் அதே உடம்பில் அப்படியே இருக்கிறது. அதற்கு வலி கிடையாது, வீக்கம் கிடையாது, எண்ணெய் தேய்க்க இடமும் கிடையாது.

எண்களைப் பார்த்தால் பயம் வரும், வரட்டும். உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011-இல் வெளியிட்ட கணக்கின்படி, முதல் வாதத்திலிருந்து தப்பியவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு ஓராண்டுக்குள் மறுபடி வந்தது. ஐந்தாண்டில் 26 பேருக்கு. பத்தாண்டில் 39 பேருக்கு. மருந்து நன்றாகக் கிடைக்கும் இடங்களில் இந்த எண்கள் இறங்கி வருகின்றன என்பது நல்ல செய்தி. இன்னொரு கணக்கு எனக்கு இதைவிடக் கனமாகப் படுகிறது. ஒக்ஸ்போர்ட்டின் பென்டில்பெரியும் ரொத்வெல்லும் 2009-இல் காட்டியது அது: முதல் வாதத்துக்குப் பிறகு புதிதாக மறதி நோய்க்கு ஆளானவர்கள் பத்தில் ஒருவர். வாதம் மீண்டும் வந்தவர்களில் மறதி நோய் இருந்தது மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல். முதல் முறை கை போகும், இரண்டாம் முறை ஆளே போய்விடக்கூடும்.

மலையகத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொன்னால் உடனே விளங்கும். மழைக்குச் சரிந்த மண்ணை ரோட்டிலிருந்து அள்ளிவிட்டால் பஸ் ஓடும். மேலே சரிவுக்குள் தேங்கி நிற்கும் நீரை வடியவிடவில்லை என்றால் அடுத்த மழைக்கு அதே இடம் மறுபடி இறங்கும். வாதத்துக்குப் பிறகு நாம் செய்வது பெரும்பாலும் மண் அள்ளும் வேலை.

உள்ளே தேங்கி நிற்பது எது? அதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் மெட்டபோலிக் சின்ட்ரோம். அனுசேபக் கோளாறுகள் கூட்டாக வந்து குடியேறும் நிலை. ஐந்து அளவுகளைப் பார்க்கிறார்கள். தெற்காசிய ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீற்றர், பெண்ணுக்கு 80, அல்லது அதற்கு மேல். பிரஷர் 130-க்கு 85 அல்லது மேல். வெறும் வயிற்றில் சீனி 100 மில்லிகிராம் அல்லது மேல். ட்ரைகிளிசரைட் என்னும் கொழுப்பு 150 அல்லது மேல். நல்ல கொலஸ்ட்ரோல் எனப்படும் எச்.டி.எல். ஆணுக்கு 40-க்குக் கீழ், பெண்ணுக்கு 50-க்குக் கீழ். இவற்றில் ஏதாவது மூன்று இருந்தால் போதும். மருந்து எடுத்து அளவு சரியாக வைத்திருப்பவருக்கும் அந்தக் கோளாறு இருப்பதாகவே கணக்கு. 2009-இல் உலக நீரிழிவுச் சம்மேளனமும் அமெரிக்க இதயச் சங்கமும் மற்றவர்களும் ஒன்றுகூடி இந்த வரையறைக்கு வந்தார்கள்.

எண்களைக் கூர்ந்து பாருங்கள். சீனி 100 என்பது நீரிழிவு ஆகாது. 130-க்கு 85 என்றால் பல இடங்களில் "பரவாயில்லை, கொஞ்சம் உப்பைக் குறையுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொன்றும் எல்லைக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்பதால் எதுவும் யாரையும் பயமுறுத்துவதில்லை. ஒரே ஆளிடம் மூன்று சேர்ந்துவிட்டால் கதை வேறு. 1988-இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் ரீவன் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பான்டிங் பேருரையில் இதை எடுத்துச் சொன்னார். இவை தற்செயலாகக் கூடுவதில்லை, இன்சுலினுக்கு உடம்பு பணிய மறுப்பதுதான் அடியிலுள்ள காரணம் என்பது அவர் கருத்து. அவரிட்ட பெயர் 'சின்ட்ரோம் எக்ஸ்'.

அது எப்படி மூளை வரை போகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு அவ்வளவு தொல்லை தராது. குடலைச் சுற்றி வயிற்றறைக்குள் சேரும் கொழுப்புத்தான் தொல்லை. அதிலிருந்து கசியும் கொழுப்பமிலங்கள் ஈரலுக்கு நேராகப் போய்ச் சேருகின்றன. ஈரல் அவற்றை ட்ரைகிளிசரைட்டாகக் கட்டிக் குருதியில் விடுகிறது. அது கூடக்கூட எச்.டி.எல். குறைகிறது, கெட்ட கொலஸ்ட்ரோலின் துகள்களும் சிறுத்து, அடர்ந்து, குழாய்ச் சுவருக்குள் எளிதாக நுழையும் வடிவத்துக்கு மாறுகின்றன. தசையும் ஈரலும் இன்சுலினுக்குச் செவிசாய்க்காததால் கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கச் சொல்கிறது. பிரஷர் ஏறுகிறது. குருதிக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயுவைச் சுரந்துதான் தன்னைத் தளர்த்திக்கொள்கிறது. அந்தச் சுரப்பும் குறைகிறது. இதற்கு மேல், உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் இயல்பான ஏற்பாட்டைத் தடுக்கும் ஒரு புரதம் இவர்களின் குருதியில் கூடுதலாக இருக்கும். ஒரு சிறு கட்டி தோன்றினால் அது கரையாமல் நிற்க எல்லா வசதியும் ஆயிற்று.

மூளையின் ஆழத்துக்குக் குருதி கொண்டுபோகும் நுண் நாடிகள் அரை மில்லிமீற்றருக்கும் மெல்லியவை. பெரிய நாடியிலிருந்து படிப்படியாகக் கிளைத்து மெலியாமல் சட்டென்று செங்குத்தாகப் பிரிபவை. அதனால் பெரிய நாடியின் அமுக்கம் முழுதும் அவற்றின் மீது விழுகிறது. ஆண்டுக்கணக்கில் அப்படி விழுந்தால் சுவர் தடித்து உள்வழி அடைபடும். அல்லது நைந்து வெடிக்கும். அடைபட்டால் மூளையில் சிறு குழி போன்ற சேதம். சில சமயம் அது ஓர் அறிகுறியும் காட்டாமல் நடந்து, வேறொன்றுக்காக எடுத்த ஸ்கேனில் தெரியவரும். வாதம் வந்தவருடைய மூளையில் இப்படிப்பட்ட நாடி ஒன்றே ஒன்றுதான் கெட்டிருக்கும் என்று எண்ண இடமில்லை. மற்றவையும் அதே பிரஷரையும் அதே கொழுப்பையும் அதே சீனியையும் தாங்கிக்கொண்டிருந்தவைதான்.

2021-இல் நியூரோலொஜி சஞ்சிகையில் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. 13 ஆய்வுகள், ஏறத்தாழ 60,000 நோயாளர்கள். மெட்டபோலிக் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு வாதம் மீண்டும் வரும் ஆபத்து மற்றவர்களை விட 46 வீதம் கூடுதல். இறக்கும் ஆபத்து 27 வீதம் கூடுதல். தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது எச்.டி.எல். குறைவு மட்டும்தான் தெளிவான தொடர்பைக் காட்டியது. ஒன்றுக்கு மேற்பட்ட கோளாறுகள் சேர்ந்திருப்பதும் காட்டியது. பிரஷர் தனியாக நின்று எதையும் காட்டவில்லை. "அப்படியானால் பிரஷர் முக்கியமில்லையா?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. வாதம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பிரஷர் ஏற்கெனவே இருக்கும். எல்லாரிடமும் இருக்கும் ஒன்றை வைத்து ஆளுக்கு ஆள் வேறுபாடு காண்பது கடினம். அதைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சான்று உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பெயரே தேவையா என்று நெடுநாளாக ஒரு சண்டையும் இருக்கிறது. 2005-இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் இரண்டும் சேர்ந்தே இதைக் கேள்விக்குள்ளாக்கின: ஐந்தையும் தனித்தனியாகக் கவனித்தால் போதாதா, கூட்டிச் சொல்வதால் புதிதாக என்ன கிடைத்துவிட்டது என்று கேட்டன. ஆய்வுகூடத்தில் அது நியாயமான கேள்வி. நம் ஊர்க் கிளினிக் வரிசையில் நிற்பவரின் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு அந்தக் கூட்டுப் பெயர் தேவை என்றே படுகிறது. அவர் கையில் இருப்பது ஒரு கிளினிக் கொப்பி. அதில் பிரஷருக்கு ஒரு மாத்திரை, சீனிக்கு ஒன்று, கொலஸ்ட்ரோலுக்கு ஒன்று, இரத்தம் உறையாமலிருக்க ஒன்று. தனக்கு நாலைந்து சின்ன வருத்தம் என்று அவர் நினைக்கிறார். கொஞ்சம் சுகமானதும் அதில் எதை விடலாம் என்றுதான் யோசிப்பார். எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய வருத்தம், அதுதான் உங்கள் கையை எடுத்தது என்று யாராவது உட்காரவைத்துச் சொன்னால் அந்த யோசனை வராது.

இலங்கையில் இது எவ்வளவு பரவலாக இருக்கிறது? கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிரசாத் கட்டுலந்தவும் குழுவினரும் 2005, 2006 ஆண்டுகளில் எடுத்த ஆய்வில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருந்தது. நகரத்தில் மூன்றில் ஒருவருக்கு, கிராமத்தில் ஐந்தில் ஒருவருக்கு. பெண்களிடம் 28 வீதம், ஆண்களிடம் 18. அன்று நீரிழிவு உள்ளவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். அவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் தமக்கு நோய் இருப்பதையே அறிந்திருக்கவில்லை. 2018, 2019 ஆண்டுகளில் நாடு தழுவி எடுத்த ஆய்வில் நீரிழிவு 23 வீதமாகியிருந்தது. ஒரு தலைமுறைக்குள்ளேயே இரட்டிப்பு.

தோட்டத்து மக்களைப் பற்றிப் பேசும்போது, "அவங்களுக்கு எங்கே கொழுப்பு, நாள் பூரா மலை ஏறி இறங்குறவங்க" என்று சொல்பவர்கள் உண்டு. தெல்தோட்டையிலோ கலஹாவிலோ கூடையைச் சுமந்து ஏறும் ஒரு அக்காவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மெலிந்த கை, மெலிந்த கால். இங்கேதான் புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கின் ஆராய்ச்சி நமக்கு மிகவும் வேண்டியதாகிறது. அவரும் லண்டனைச் சேர்ந்த அவரது நண்பர் ஜோன் யுட்கினும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்று 2004-இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3, துல்லியமாக ஒன்றுதான். உடற்கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 வீதம், யாக்னிக்குக்கு 21.2 வீதம். நம் தெற்காசிய உடம்பு ஒல்லியாகத் தெரிந்துகொண்டே கொழுப்பை உள்ளே வைத்துக்கொள்ளும். யாக்னிக்கின் குழு புனேக்கு அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்ஹாம்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டது. நம் பக்கத்துக் குழந்தை 2.7 கிலோ, அங்குள்ளது 3.5 கிலோ. தசையும் உள்ளுறுப்பும் சிறுத்திருந்தன. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குச் சிறுக்கவில்லை. தாயின் வயிற்றில் பட்டினி கண்ட உடம்பு, கிடைத்ததைச் சேமித்துப் பழகிக்கொள்கிறது. பிற்காலத்தில் மாவும் சீனியும் தாராளமாகக் கிடைக்கும்போது அந்தச் சேமிப்பே வினையாகிறது.

2016-இல் நாடு தழுவி எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17.3 வீதம். தோட்டப் பகுதியில் மட்டும் 31.7 வீதம். இந்த எண்ணைப் பிள்ளைகளின் போசாக்குப் பிரச்சினையாக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம். எனக்கு அது முப்பது, நாற்பது ஆண்டு கழித்துக் கண்டி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கப்போகிறவர்களின் கணக்காகவும் தெரிகிறது. தோட்டத்தில் பிறந்த பிள்ளை இன்று தோட்டத்தில் தங்குவதில்லை. கண்டி நகரத்துக் கடையில் காலையிலிருந்து இரவு வரை நிற்கிறது, ஓட்டோ ஓட்டுகிறது, கொழும்பில் செக்கியூரிட்டி வேலைக்குப் போகிறது. மலை ஏறி இறங்கியது தாயோடு முடிந்துவிட்டது. தாய் உண்ட கோதுமை ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் மட்டும் தொடர, அதோடு கொத்தும் ஷோர்ட் ஈட்ஸும் சோடாவும் சேர்ந்துகொண்டன.

ஆகவே எடை இயந்திரத்தை நம்பாதீர்கள். தையல்காரரின் நாடாவை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, உடை இல்லாமல், மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும். சாரமோ காற்சட்டையோ கட்டும் இடத்தில் அளந்தால் தவறு. தொப்பை விழுந்த ஆண்கள் அதைத் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறார்கள். 90 சென்டிமீற்றர் என்றால் முப்பத்தைந்தரை அங்குலம். 80 என்றால் முப்பத்தொன்றரை. பல கிளினிக்குகளில் எடையும் பிரஷரும் ஒவ்வொரு முறையும் எழுதப்படுகின்றன, இடுப்பளவு எழுதப்படுவதில்லை. ஒரு நாடாவின் விலைதான் செலவு.

நாடி அடைபட்டிருந்தால் உள்ளே கம்பிவலை வைத்துத் திறந்துவிட்டால் ஆகாதா என்று வசதியுள்ள குடும்பங்கள் கேட்பதுண்டு. கொழும்புக்குக் கொண்டுபோகவும் இந்தியாவுக்குக் கொண்டுபோகவும் காணி விற்கத் துணிவார்கள். கழுத்து நாடியில் கடும் அடைப்பு இருந்தால் அதற்கென்று சிகிச்சை உண்டு, அது வேறு. ஆனால் நம்மைப் போன்ற ஆசிய மக்களிடம் மண்டையோட்டுக்குள் இருக்கும் நாடிகள் சுருங்குவது அதிகம். அதற்குக் கம்பிவலை வைப்பதையும், மருந்தும் வாழ்க்கைமுறைக் கண்காணிப்பும் மட்டும் தருவதையும் அமெரிக்காவில் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். 2011-இல் வந்த முடிவு: முப்பது நாளுக்குள் வாதமோ மரணமோ கம்பிவலைக் குழுவில் 14.7 வீதம், மருந்துக் குழுவில் 5.8 வீதம். ஆய்வையே இடையில் நிறுத்தும்படி ஆயிற்று. காணியை விற்க முன் அந்த முடிவைத் தெரிந்துகொள்வது நல்லது.

மருந்து என்று சொன்னது புதுமையான எதையும் அல்ல. பழைய, மலிவான, அரசாங்க ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கும் மாத்திரைகள். 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏற்கெனவே வாதம் வந்த 6,105 பேருக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மீண்டும் வாதம் வருவது 28 வீதம் குறைந்தது. இரண்டு வகை மாத்திரை சேர்த்துக் கொடுத்து மேல் அளவை 12 புள்ளி இறக்கியவர்களுக்கு 43 வீதம் குறைந்தது. தொடங்கும்போது பிரஷர் உயர்வாக இல்லாதவர்களுக்குக்கூடப் பயன் கிடைத்தது. முன்னர் சொன்ன சான்று இதுதான். 2006-இல் 4,731 பேரில் செய்த ஆய்வில் அட்டோர்வாஸ்டட்டின் 80 மில்லிகிராம் வாதத்தை 16 வீதம் குறைத்தது. அடைப்பால் வந்த வாதம் என்றால் இவற்றோடு அஸ்பிரினோ குளோப்பிடோகிரலோ சேரும். குருதிக் கசிவால் வந்தது என்றால் நிலைமை வேறு, வைத்தியர் சொல்லாமல் அவற்றைத் தொடக் கூடாது.

இந்த மாத்திரைகள் இந்நாட்டு ஏழைக்குக் கைக்கெட்டும் பொருளானதில் பேராதனைக்கும் ஒரு பங்கு உண்டு. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்த மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேதான் 1971-இல் உருவான அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரில், தேவையானதை மட்டும், கேள்விப்பத்திரம் கோரிக் குறைந்த விலைக்கு வாங்குவது என்ற அவருடைய கொள்கை பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் வேலைகளுக்கும் வழிகாட்டியது. அவர் 1977-இல் கயானாவில் இறந்தார். இன்று கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்!

அந்த ஏற்பாடு எவ்வளவு எளிதில் அறுந்துபோகும் என்பதையும் கண்டோம். 2022 மார்ச் இறுதியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலை முன்கூட்டித் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தவேண்டி வந்தது. சத்திரசிகிச்சை நின்றது செய்தியாயிற்று. வெளியில் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்த துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வீடு திரும்பியவர்கள் செய்தியாகவில்லை. பிரஷர் மாத்திரையைச் சில வாரம் நிறுத்தினால் வலிக்காது. தலை சுற்றாமலும் இருக்கலாம். வாதம் திரும்பி வருவதற்கு அந்த மௌனமான வாரங்கள் போதும்.

தட்டுப்பாடு இல்லாத காலத்திலும் தோட்டத்துத் தொழிலாளிக்கு ஒரு கிளினிக் நாள் என்பது ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும் நாள். காலை பஸ்ஸைப் பிடித்துக் கண்டிக்கு வந்து, இலக்கம் எடுத்து, வைத்தியரைப் பார்த்து, மருந்துக்கு இன்னொரு வரிசையில் நின்று, திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். மாதம் ஒரு முறை அப்படிச் சம்பளத்தை இழந்து வரச்சொல்லிவிட்டு, "இவர்கள் ஒழுங்காகக் கிளினிக் வருவதில்லை" என்று குறை சொல்வதில் எந்த நியாயமும் இல்லை. சுகமானவர் என்று நாம் நினைப்பவரை வீட்டுக்கு அருகிலேயே பார்த்து, இரண்டு மூன்று மாதத்துக்கான மருந்தைத் தோட்ட ஆஸ்பத்திரி வழியாகவே கொடுத்தால் என்ன?

மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும் ஒரு வழி. அதற்கான முக்கியச் சான்று இலங்கையிலேயே கிடைத்தது. களனிப் பல்கலைக்கழகத்தின் அசித்த டி சில்வாவும் பங்குகொண்ட குழு, பிரஷர் உள்ள 700 பேரை இந்நாட்டு ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளிலிருந்து சேர்த்தது. ஒரு பாதிப் பேருக்கு வழமையான சிகிச்சை. மறு பாதிக்கு மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒன்றாக்கிய ஒரே மாத்திரை. ஆறு மாதத்தில் இலக்கை எட்டியவர்கள் வழமைக் குழுவில் 55 வீதம், ஒரே மாத்திரைக் குழுவில் 70 வீதம். 2018-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை அதை வெளியிட்டது. இரண்டு பிரஷர் மருந்துகளை ஒன்றாக்கிய கூட்டு மாத்திரைகளை 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இன்சுலின் பணிய மறுப்பதையே நேராகத் தாக்கினால் வாதம் குறையுமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். நீரிழிவு இல்லாத, ஆனால் இன்சுலினுக்கு உடம்பு பணியாத, ஏற்கெனவே வாதம் கண்ட 3,876 பேர். பயோகிளிட்டசோன் என்ற பழைய மாத்திரை. ஏறத்தாழ ஐந்தாண்டில் வாதமோ மாரடைப்போ வந்தவர்கள் 11.8 வீதத்திலிருந்து 9 வீதமாகக் குறைந்தார்கள். 2016-இல் வந்த இந்த முடிவு ரீவன் 1988-இல் சொன்னதற்கு வலுச் சேர்த்தது. ஆனால் எடை கூடியது, கால் வீங்கியது, எலும்பு முறிவும் கூடியது. எல்லாருக்கும் கொடுக்கும் மருந்தாக அது ஆகாததற்கு அதுவே காரணம். செமாக்ளூட்டைட் போன்ற புதிய ஊசிகள் நீரிழிவுள்ளவர்களிடம் வாதத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. விலை நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது.

எட்டுவது அடுப்படி. ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் ஏறத்தாழ 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது. சோறு, ரொட்டி, பாண் எல்லாம் இதற்கு வெளியே. வெற்றிலைக்கும் கணக்கு உண்டு; பாக்கு மெல்வோரிடம் இந்தக் கோளாறு கூடுதலாகக் காணப்படுவதைத் தாய்வான் ஆய்வுகள் காட்டின, புகையிலை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கீரை மல்லுங், வல்லாரைச் சம்பல், பருப்பு, கடலை, குரக்கன் எல்லாம் நம் சந்தையிலேயே இருப்பவை. மறந்துபோனவையும் அல்ல, தட்டில் சோற்றுக்குத் தரும் இடத்தை இவற்றுக்குத் தரவேண்டும், அவ்வளவுதான்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் முன்பே வாதம் கண்டவர்கள். பாதிக் கிராமங்களுக்கு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைட் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். மற்றப் பாதி வழமையான உப்பையே தின்றது. ஐந்தாண்டில் வாதம் 14 வீதம் குறைந்தது, மரணமும் குறைந்தது. 2021-இல் வெளியான இந்த ஆய்வைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. சமைப்பவர் ஒருவர் உப்புப் போத்தலை மாற்றினால் வீட்டில் அத்தனை பேருக்கும் சேர்த்து நடக்கும் சிகிச்சை அது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த உப்பு ஆபத்து. மகாவலிக்குக் கீழே சிறுநீரக நோய் பரவிய ஊர்களிலிருந்து கண்டிக்கு வைத்தியத்துக்கு வருபவர்கள் இதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும். அவர்களுக்கும் கருவாட்டையும் ஊறுகாயையும் சோறு வடிக்கும்போது போடும் உப்பையும் குறைப்பதில் தடை ஏதும் இல்லை.

கடைசியாக, திரும்பி வரும் வாதம் பல வேளைகளில் முன்கூட்டியே தலைகாட்டிவிட்டுப் போகும். வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சுக் குழறி, கை சோர்ந்து, பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். "சரியாப் போச்சுதானே, ஏன் இனி ஆஸ்பத்திரி?" என்று அப்பா சொல்வார். கேட்காதீர்கள். ஒக்ஸ்போர்ட்டில் ரொத்வெல்லின் குழு இப்படி வந்தவர்களை நாள் தள்ளாமல் பார்த்து உடனே மருந்து தொடங்கியபோது, அடுத்த மூன்று மாதத்தில் வாதம் வருவது 10.3 வீதத்திலிருந்து 2.1 வீதத்துக்கு இறங்கியது. கோணல் தெரிந்தவுடன் நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990-க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுவதற்குப் பொதுவாக உள்ள அவகாசம் நாலரை மணி நேரம். அதற்குள் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய், ஸ்கேன் எடுத்து முடிய வேண்டும். கலஹாவிலிருந்தும் ரங்கலையிலிருந்தும் மலைப்பாதையில் வருவதற்கே அதில் ஒரு பெரும் பகுதி போய்விடும். கிளம்பும்போது கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை, எத்தனை நாளாக நின்றுபோயிருக்கிறது என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.